மட்டக்களப்பு ஓர்கிட்: நம்மட காட்டுப் பூவுக்கு நம்மட பெயர் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன்.

போன தவணையில் தரம் 8 மாணவி ஒருத்தி ஒரு ஷொப்பிங் பேக்கை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஒரு முறிந்த கொப்பு. அவர்கள் வீட்டுக்கு வந்த விறகோடு வந்ததாம். கொப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு செடி. தடித்த, நீண்ட இலைகள் இரண்டு பக்கமும் அடுக்கி வைத்தது போல. வெள்ளை வேர்கள் விரல் மொத்தத்தில். நடுவிலிருந்து கீழே தொங்கும் ஒரு பூங்குலை, பாதி வாடிவிட்டது. வெள்ளைப் பூக்களில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

"டீச்சர், உம்மா இது குருவிச்சை எண்டு எறியச் சொன்னா. குருவிச்சையா இது?"

"இல்ல புள்ள. இது ஓர்கிட். இங்கிலிசில மட்டக்களப்பு ஓர்கிட் எண்டு சொல்லுவாங்க. நரிவால் ஓர்கிட் எண்டும் ஒரு பெயர் இரிக்கி."

"மட்டக்களப்பா? நாம அம்பாறையிலதானே டீச்சர் இரிக்கம்?"

வகுப்பே சிரித்தது. 1961 வரைக்கும் நமது கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தன, அந்த வருடம்தான் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது என்று விளங்கப்படுத்தினேன். பூவுக்குப் பெயர் வைத்தவர்கள் அதன்பிறகு பெயரை மாற்றவில்லை.

அடுத்த கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"அப்ப நம்மட ஆக்கள் இதுக்கு என்ன பெயர் சொல்லுவாங்க டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்பதைவிட, இருந்த பதிலை நான் தொலைத்துவிட்டேன் என்பதுதான் உண்மை. சின்ன வயதில் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வட்டைக்குப் போகும்போது, மருத மரமொன்றில் தொங்கிய இதே மாதிரிப் பூவைக் காட்டி மூத்தாப்பா ஒரு பெயர் சொன்னார். அவர் சொன்ன தொனி ஞாபகம் இருக்கிறது. கையை நீட்டிய விதம் ஞாபகம் இருக்கிறது. பெயர் ஞாபகம் இல்லை. மூத்தாப்பா மௌத்தாகி 15 வருடம்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பூவின் பெயர் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது ஒரு பூவின் கதை மட்டுமில்லை என்று விளங்கியது.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்குவோம். இது குருவிச்சை இல்லை.

குருவிச்சை ஒட்டுண்ணி. அது மரத்தின் உடம்புக்குள் தன் உறிஞ்சியைச் செலுத்தி மரத்தின் நீரையும் கனிப்பொருளையும் எடுத்துக்கொள்ளும். மாமரத்தில் குருவிச்சை ஏறினால் வெட்டுவது சரி. ஆனால் இந்த ஓர்கிட் மேலொட்டி. மரத்தின் தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மரத்திலிருந்து ஒரு சொட்டும் எடுக்காது. பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கம்பியைத் தின்னாதது போல.

அப்படியானால் எதைக் குடிக்கிறது? அந்த மொத்தமான வெள்ளை வேர்களைப் பாருங்கள். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒரு போர்வை இருக்கிறது. மழை விழுந்ததும் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தவுடன் வெள்ளை வேர் பச்சையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நமது பக்கம் மாரி மழை ஐப்பசி தொடங்கி தை வரைக்கும்தான். பிறகு கச்சான் காற்று அடிக்கும் நீண்ட கோடை. மண்ணே இல்லாமல் மரத்தின் மேல் நின்று அந்தக் கோடையைத் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் தடித்த தோல் இலை. இப்படித் தடித்த இலையுள்ள மர ஓர்கிட்கள் பல, பகலில் இலைவாய்களை மூடிவிட்டு இரவில் திறந்து காபனீரொட்சைட்டைச் சேமித்துக்கொள்ளும். பகல் வெயிலில் அதை வைத்து ஒளித்தொகுப்பு நடக்கும். நோன்பு காலத்தில் நாம் இரவில் சாப்பிட்டுப் பகலில் தாங்குவது மாதிரி என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது.

இதன் விதை தூசு போன்றது. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நெல்மணிக்குள் இருப்பது போல முளைக்குத் தேவையான மாப்பொருள் சேமிப்பு அதற்குள் இல்லை. காற்றில் பறந்து போய் விழுந்த இடத்தில் அதற்குப் பொருத்தமான ஒரு பங்கசு இருக்க வேண்டும். அந்தப் பங்கசுதான் முதல் உணவை ஊட்டும். இதை 1899இல் கண்டுபிடித்தவர் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு இளைஞர். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பங்கசு இல்லாமலே சீனி கலந்த ஊடகத்தில் ஓர்கிட் விதையை முளைக்கவைக்கும் முறையைக் காட்டினார். இன்று பூக்கடைகளில் விற்கும் ஓர்கிட்களில் பல அந்த வழியில் வந்தவை. காட்டில் நிற்கும் செடிக்கு அந்த வசதி இல்லை. அங்கே ஆயிரம் விதையில் ஒன்று தப்புவதே பெரிய விடயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி பெயருக்கு வருவோம்.

ஓர்கிட் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்துத் தரைச்செடிகள் சிலவற்றின் கிழங்கு வடிவத்தை வைத்து வந்த பெயர். அறபியில் அந்தக் கிழங்குக்கு 'ஸஹ்லப்' என்று பெயர். நரியைக் குறிக்கும் 'ஸஃலப்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. யூனானி மருந்துக் கடைகளில் 'ஸாலப் மிஸ்ரி' என்று விற்பது இந்தக் கிழங்குதான். அறபியில் நரி, இங்கிலிசில் நரிவால். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பெயர்கள், ஆனால் இரண்டிலும் நரி! இது தற்செயல்தான், இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நம்மட பூவுக்கு விஞ்ஞானத்தில் இன்று உள்ள பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசா. ரிங்கோஸ்டைலிஸ் என்பது பேரினம். மூன்று நான்கு இனங்கள் மட்டுமே உள்ள சின்னப் பேரினம், எல்லாம் ஆசியாவின் வெப்பவலயக் காடுகளைச் சேர்ந்தவை. இலங்கையிலிருந்து இந்தியா, பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா வரைக்கும் பரந்து இருப்பது நம்மட இனம்தான். இந்தியாவின் அசாம் மாநிலத்துக்கு இதுதான் மாநிலப் பூ. அங்கே 'கொப்பௌ பூல்' என்பார்கள். சித்திரை மாதத்து பிஹு பண்டிகையில் ஆடும் பெண்களின் கொண்டையில் இதுதான் இருக்கும். நாம் விறகோடு எறிவதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பூ அச்சுப் புத்தகத்தில் ஏறியது லத்தீன் பெயரோடு இல்லை. நமக்கு விளங்கக்கூடிய ஒரு பெயரோடு ஏறியது.

அதற்கு 17ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே ஒல்லாந்தக் கம்பனி சில காலத்தில் கேரளத்துக் கொச்சியையும் பிடித்தது. அங்கே 1670 முதல் தளபதியாக இருந்தவர் ஹென்ரிக் வான் ரீட். மிளகு வாங்க வந்த கம்பனியின் அதிகாரி, மலபார்க் காடுகளைக் கண்டு மயங்கி, அங்குள்ள தாவரங்கள் முழுவதையும் படத்தோடு பதிவுசெய்ய முடிவெடுத்தார். அதன் விளைவுதான் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', அதாவது மலபார்த் தோட்டம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. 740க்கு மேற்பட்ட தாவரங்கள். கடைசிப் பாகம் அச்சாகி வந்தபோது ரீட் உயிரோடு இல்லை. 1691இல் கடற்பயணத்தில் இறந்துவிட்டார்.

ரீடுக்கு அந்தச் செடிகளின் பெயரும் பயனும் எப்படித் தெரிந்தது? உள்ளூர் ஆட்கள் சொன்னார்கள். முக்கியமானவர் இட்டி அச்சுதன். அன்றைய சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டிருந்த ஈழவ சமூகத்தைச் சேர்ந்த பரம்பரை வைத்தியர். தன் குடும்பத்து ஏட்டுச் சுவடிகளில் இருந்ததையும் தன் அனுபவத்தையும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைப் போர்த்துக்கேய மொழியில் எழுத, பிறகு ஒல்லாந்தம், பிறகு லத்தீன். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமண அறிஞர்களும் உதவினார்கள்.

இங்கேதான் ரீட் ஒரு பெரிய காரியம் செய்தார். இந்த நால்வரின் பெயரையும் மறைக்கவில்லை. 'இந்தப் புத்தகத்தில் உள்ளதை நான்தான் சொன்னேன்' என்ற பொருளில் இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20ஆம் திகதி தன் எழுத்திலேயே எழுதிக் கொடுத்த சான்றிதழ், முதல் பாகத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. 350 வருடத்துக்கு முன் ஒரு நாட்டு வைத்தியரின் கையெழுத்து! அந்த மனிதரின் பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிவது அந்த ஒரு பக்கத்தால்தான்.

இன்னொரு விடயம். நூலின் படங்களில் தாவரப் பெயர்கள் லத்தீன் எழுத்தில் மட்டும் இல்லை. மலையாள எழுத்தில், தேவநாகரியில், அறபு எழுத்தில் என்று பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நமது பாட்டிமார் அறபுத்தமிழில் கிதாபு ஓதிய பரம்பரை. தென்னாசியாவின் காட்டு மரங்களின் பெயர்கள் அறபு எழுத்தில் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகின என்று வாசித்தபோது எனக்குச் சொந்த வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

12ஆம் பாகத்தின் முதலாவது படம் எது தெரியுமா? நம்மட பூ. மட்டக்களப்பு ஓர்கிட். கீழே உள்ள பெயர்: ஆஞ்ஞிலி மரவாழ.

ஆஞ்ஞிலி என்பது பலா இனத்தைச் சேர்ந்த ஒரு மரம். தமிழில் அயினி. மரவாழ என்றால் நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. மரத்தில் வளரும் வாழை, மரவாழை! இலையை ஒருதரம் பாருங்கள். அந்தப் பெயரை வைத்தவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார். எந்த மரத்தில் நிற்கும், எதைப் போல இருக்கும் என்று இரண்டு தகவலும் இரண்டு சொல்லில் வந்துவிட்டது.

அதே பாகத்தில் இன்னொரு ஓர்கிட் இருக்கிறது. பெயர் பொன்னம்பூ மரவாழ. மஞ்சள் பூ. இதுவும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது. 1992இல் இதற்கென்றே ஒரு தனிப் பேரினத்தை உருவாக்கி 'தப்ரோபேனியா' என்று பெயர் வைத்தார்கள். தப்ரபேன் என்று பழைய கிரேக்கர் அழைத்தது நமது இலங்கையைத்தான். நாட்டின் பெயரையே சுமக்கும் பூ. ஆனால் 300 வருடத்துக்கு முன்பே பொன் போன்ற பூ என்று பெயர் வைத்தாயிற்று.

மலையாளக் கரையின் பெயர் நமக்கு எப்படி நம்மட பெயராகும் என்று சிலர் கேட்கலாம். நமது கரையில் குடி தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. மலையாளக் கரையின் தாய்வழி முறையோடு இதற்குள்ள ஒற்றுமையை, அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் கடல் இருந்தாலும் உறவு இருந்தது. மரவாழை என்ற சொல்லை வாசித்தவுடன் நமக்கு விளங்குவதே அதற்கு ஒரு சாட்சி.

சரி, மரவாழைக்குப் பிறகு என்ன நடந்தது?

1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இரண்டு சொற் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ரீடின் நூலில் இருந்த ஆஞ்ஞிலி மரவாழையை வைத்து 'எப்பிடென்றம் ரெட்டுசம்' என்று பெயர் வைத்தார். எப்பிடென்றம் என்றால் மரத்தின் மேல் இருப்பது. ரெட்டுசம் என்றால் நுனி மழுங்கியது, இலை நுனியைக் குறிப்பது. 1825இல் ஜாவாவில் வேலைசெய்த புளூம் என்ற அறிஞர், பூவின் நடுவில் உள்ள தூணில் பறவையின் அலகு போன்ற அமைப்பைப் பார்த்து ரிங்கோஸ்டைலிஸ், அதாவது அலகுத்தூண், என்ற பேரினத்தை அமைத்தார். இடையிலும் பிறகும் ஏரிடிஸ், சக்கோலேபியம், சார்க்காந்தஸ் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். தாவரவியலில் ஒரு சட்டம் உண்டு: முறைப்படி முதலில் அச்சில் வந்த பெயரே வெல்லும். அதனால்தான் லின்னேயஸ் வைத்த ரெட்டுசா இன்றும் நிற்கிறது. ஆனால் லின்னேயஸ் ஆதாரம் காட்டிய படம் எது? இட்டி அச்சுதனின் ஊர்ப் படம். இன்றைக்கும் இந்த இனத்தின் அடிப்படைச் சான்று அந்த ஆஞ்ஞிலி மரவாழைப் படம்தான்.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கேயும் அதே கதைதான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது.

1672இல் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்தவர் போல் ஹெர்மன். கொழும்புப் பக்கத்தில் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, ஒட்டி, சிங்களப் பெயர்களையும் குறித்தார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தொகுப்பு லின்னேயஸின் கைக்குப் போய், 1747இல் 'புளோரா சைலானிகா' என்ற நூலாயிற்று. இன்று அந்தச் செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. பிறகு பிரித்தானியர் காலம். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் அலெக்சாண்டர் மூன் 1824இல் சிங்களப் பெயர்களோடு ஒரு தாவரப் பட்டியல் வெளியிட்டார்.

1823இல் பேராதனையில் படம் வரைபவராகச் சேர்ந்தவர் ஹர்மனிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, நூற்றுக்கணக்கான செடிகளை வரைந்தார். காட்டுக்குப் போய்ச் சேகரித்தார். செடியைக் கண்டவுடன் பெயர் சொல்லக்கூடியவர். அவருக்கு மேலதிகாரியாக இருந்த துவைட்ஸ், நன்றிக்கடனாக ஒரு புதிய ஓர்கிட்டுக்கு 'அல்விசியா' என்று அவர் பெயரை வைக்க விரும்பினார்.

அந்த ஓர்கிட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இலையே இல்லை. மரப்பட்டையில் ஒட்டிய சில பச்சை வேர்கள், நடுவில் ஊசி நுனி அளவில் ஒரு தண்டு, சில மில்லிமீற்றர் அளவில் பூ. இலை செய்ய வேண்டிய ஒளித்தொகுப்பை வேரே செய்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பல்லி எச்சமோ பாசியோ என்று நினைத்துப் போய்விடுவோம். இந்த வகைக்கு 1825இலேயே புளூம் 'டீனியோபில்லம்' என்று பேரினப் பெயர் வைத்துவிட்டார். நாடா போன்ற இலை என்று பொருள். இலையே இல்லாத செடிக்கு இலைப் பெயர்! தட்டையான வேர் இலை மாதிரித் தெரிந்திருக்கிறது. உலகத்தில் இந்தப் பேரினத்தில் 200க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆசியாவின், பசிபிக் தீவுகளின் வெப்பவலயக் காட்டு மரங்களில்தான் பெரும்பாலும்.

முதலில் வந்த பெயரே வெல்லும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் அல்விசியா தோற்றது. ஆனால் 1858இல் அதை வெளியிட்ட ஆங்கிலேய ஓர்கிட் அறிஞர் லின்ட்லி, இனப் பெயரில் அல்விஸை விட்டுவைத்தார். டீனியோபில்லம் அல்விசி. இன்றும் அதுதான் பெயர். வாழ்நாள் முழுவதும் வரைந்த ஒரு மனிதருக்கு, உன்னிப்பாகப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரு செடியில் ஓர் இடம்.

அக்கரையில் சென்னையிலும் இதே மாதிரி நடந்தது. றொபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களாக வெளியிட்டார். அவருக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். 1853இல் ஒரு காட்டுத்தரை ஓர்கிட்டுக்கு வைட் 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். அதுவும் தோற்றது. 20 வருடங்களுக்கு முன்பே, 1833இல், லின்ட்லி அந்தப் பேரினத்துக்கு 'ட்ரோப்பிடியா' என்று பெயர் வைத்திருந்தார். கோவிந்துவின் பெயர் இப்போது தள்ளுபடியான பெயர்களின் பட்டியலில்.

ஆனாலும் பாருங்கள், இட்டி அச்சுதன், அல்விஸ், கோவிந்து மூவருக்கும் ஏதோ ஒரு தாளில் ஒரு வரி இருக்கிறது. நமது கரையில்?

1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வந்தது இலங்கைத் தாவரங்களின் பெரிய கையேடு. எழுதியவர் பேராதனைப் பணிப்பாளர் ஹென்றி ட்ரைமன். 1896இல் அவர் இறந்துபோக, மீதியை ஜோசப் ஹூக்கர் முடித்தார். ஓர்கிட்கள் வரும் நான்காம் பாகம் 1898இல் ஹூக்கரின் கையால் வந்தது. அந்தக் கையேட்டில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. பாலை, வீரை, முதிரை என்று நாம் சொல்லும் மரங்கள் எல்லாம். இந்தத் தமிழ்ப் பெயர்கள் வானத்திலிருந்து விழவில்லை. காட்டில் வழி காட்டியவர், விறகு வெட்டியவர், சேனை செய்தவர், பரிசாரியார் என்று யாரோ சொல்லித்தான் அந்த வெள்ளைக்காரரின் காதில் விழுந்திருக்கும். அவர்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை.

நமது மூத்தாக்கள் காட்டோடு வாழ்ந்தவர்கள். வட்டையில் காவல் இருந்தார்கள். தேன் எடுத்தார்கள், வண்டிக்கு மரம் வெட்டினார்கள். எந்த மரம் எதற்கு, எந்தக் கொடி எந்த நோய்க்கு என்று அவர்களுக்குத் தெரியும். முஸ்லிம் பரிசாரிமாரும் தமிழ்ப் பரிசாரிமாரும் ஒரே மூலிகையை ஒரே பெயரில் தேடியவர்கள்தான். பிறகு காலம் மாறியது. 1949 தொடங்கி பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டு சேனாநாயக்க சமுத்திரம் வந்தது. காடுகள் வெட்டப்பட்டு வயல்களும் குடியேற்றங்களும் வந்தன. மேல்பகுதிக் காட்டின் ஒரு பாகம் 1954இல் தேசிய பூங்காவாயிற்று. இன்றைக்குப் பட்டிப்பளை ஆறு என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு விளங்காது. கல்லோயா என்றால் விளங்கும். ஒரு பெரிய ஆற்றின் பெயரே இரண்டு தலைமுறையில் மங்கிப்போகும் என்றால், மரத்தில் தொங்கும் ஒரு பூவின் பெயர் எம்மாத்திரம்?

நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. குற்றம் சொல்வதானால் என்னைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் படித்தவள் நான். விஞ்ஞானப் பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள். பக்கத்தில் நின்று கையை நீட்டிப் பெயர் சொன்ன மனிதரிடம் ஒரு தரம் "திரும்பச் சொல்லுங்க மூத்தாப்பா" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதியிருந்தால் போதும். அது ஒரு நிமிட வேலை.

ஆதம் நபிக்கு அல்லாஹ் முதலில் கற்றுக்கொடுத்தது பெயர்களைத்தான் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதினோம். பெயர் தெரிந்த பொருளை மனிதன் இலேசில் எறிய மாட்டான். அந்த மாணவியின் உம்மா எறியச் சொன்னது கல்நெஞ்சத்தால் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் குருவிச்சை. குருவிச்சையை எறியத்தானே வேண்டும்? பெயர் பிழைத்தால் நடத்தையும் பிழைக்கும்.

இப்போது ஒரு முக்கியமான வேண்டுகோள். இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாரும் காட்டுக்குப் போய் ஓர்கிட் பிடுங்கி வந்துவிடாதீர்கள். தேசிய பூங்காவிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். ஓர்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இலங்கை 1979 முதல் அந்த உடன்படிக்கையில் உறுப்பு நாடு. சட்டத்தை விடுங்கள். விதை, பங்கசு பற்றி மேலே சொன்னேன். பூக்கிற அளவுக்கு ஒரு செடி வளர்ந்திருந்தால் அது ஆயிரத்தில் ஒன்றாகத் தப்பியது. அதைப் பிடுங்கி வீட்டு வாசலில் கட்டினால் பெரும்பாலும் வேர் முறிந்து சாகும். வளர்க்க ஆசையானால் நாற்றுமேடையில் வளர்த்ததை வாங்குங்கள். விறகோடு, விழுந்த கொப்போடு வந்தால் மட்டும் எறியாமல் ஒரு மரத்தில் கட்டிவிடுங்கள். மண்ணில் நட வேண்டாம், அழுகிவிடும். இளவெயில் படும் பக்கமாக, தென்னந்தும்புக் கயிற்றால் மெதுவாகக் கட்டினால் போதும்.

அந்த மாணவி கொண்டுவந்த செடியை அப்படித்தான் பாடசாலை வளவில் உள்ள மாமரத்தில் கட்டினோம். பூ உதிர்ந்துவிட்டது. இரண்டு இலை பழுத்து விழுந்தது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போன கிழமை பார்த்தால் பச்சை நுனியோடு ஒரு புது வேர் மாமரத்துப் பட்டையைத் தொட்டிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். அதில் மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறது: ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசா, மட்டக்களப்பு ஓர்கிட், மரவாழை. நான்காவது வரியைப் பிள்ளைகள் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அது நம்மட மூத்தாக்கள் சொன்ன பெயருக்கு.

இனி நான் கேட்கும் உதவி.

உங்கள் வீட்டில் 70, 80 வயது தாண்டிய மூத்தாப்பா, மூத்தம்மா இருந்தால், சேனை செய்த, வட்டைக் காவல் இருந்த, தேன் எடுத்த, பரிசாரம் பார்த்த யாராவது இருந்தால், இந்தப் பூவின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். இதை மட்டுமில்லை, மரம், கொடி, புல், பூண்டு எதுவானாலும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே எழுதுங்கள். ஃபோனில் குரலைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. கட்டாயம் சொன்னவரின் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு பக்கத்தில் எழுதுங்கள். பொத்துவிலில் ஒரு பெயர், இறக்காமத்தில் இன்னொரு பெயர், நிந்தவூரில் வேறொரு பெயர் என்று வரலாம். எல்லாம் சரிதான், எல்லாவற்றையும் எழுதுவோம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெரியவர்களிடமும் கேளுங்கள். காட்டுக்குள் நாம் ஒரே வழியால்தான் போனோம்.

எங்கள் வகுப்பில் இதற்கென்று ஒரு சீஆர் கொப்பி போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் அந்த மாணவி தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'இதில் உள்ள பெயர்களைச் சொன்னவர்கள் யார் என்று இதிலேயே இருக்கிறது.' அவளுக்கு இட்டி அச்சுதனின் சான்றிதழைப் பற்றிச் சொன்னது நான்தான். ஆனால் அந்த வரி அவளுடையது.

உங்களிடம் ஒரு பெயராவது இருந்தால் கீழே கொமன்டில் எழுதுங்கள். கொப்பியில் இன்னும் நிறையப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.